பள்ளி திறந்த பிறகும் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தது தவறா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டவரை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறக்கப்பட்டபோது உங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வீட்டில் சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள மாமியார் இருந்ததால், அந்தக் கல்வியாண்டு முடியும்வரை நீங்கள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இப்போது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட அவள் தமிழ்ப் பாடத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள் என்றும், பிள்ளையின் படிப்பைக் கெடுத்தது நீங்கள்தான் என்று உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள் என்றும் எழுதி, செய்தது தவறா, இனி ஒரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்று தெரிந்திருந்தவற்றை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானதா என்பது ஒன்று. இன்றைய தடுமாற்றத்துக்கு அந்த முடிவுதான் காரணமா என்பது மற்றொன்று. அடுத்த முறை எதை வைத்து முடிவெடுப்பது என்பது மூன்றாவது. நான் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் குழந்தை நல மருத்துவர். நோயைப் பற்றி என் பயிற்சியிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொல்ல முடியும். கற்றலைப் பற்றி, வெளிவந்த ஆய்வுகளையும் என்னிடம் வந்த பிள்ளைகளையும் வைத்தே சொல்கிறேன். வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை என்பதால், அந்தப் பகுதியில் நல்ல ஆசிரியர் ஒருவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். கொரோனா நோயின் கடுமையை வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானித்தது வயதுதான். ஆரோக்கியமான எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் இருமலுமாக வந்து போனது. பல பிள்ளைகளுக்கு வந்ததே தெரியவில்லை. ஸ்வீடன் நாடு 2020-இல் முதல் அலையின்போதும் மழலையர் பள்ளிகளையும் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பள்ளிகளையும் மூடவில்லை. அந்நாட்டில் 1 முதல் 16 வயது வரையுள்ள ஏறத்தாழ 19.5 லட்சம் பிள்ளைகளில் அந்த மார்ச் முதல் ஜூன் வரை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றவர்கள் 15 பேர். இந்த நோயால் ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை. இந்தத் தகவல் 2021 தொடக்கத்திலேயே மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது. அதற்காகப் பிள்ளைகளுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழித்துச் சில பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோய் ஒன்று வந்தது. இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு 2021 ஜூன், ஜூலை மாதங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் வார்டில் பார்த்தோம். விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், உடலெங்கும் தடிப்பு, குடல்வால் அழற்சியோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு வயிற்றுவலி என்று வந்தார்கள். இம்யூனோகுளோபுலினும் ஸ்டீராய்டும் கொடுத்துப் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிந்தது என்றாலும், அந்தப் பெற்றோர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைச் சாதாரண நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது அரிதான நோய். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை, சிறுநீரக நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை, கடுமையான இதயக் குறைபாடோ மூளை நரம்புப் பாதிப்போ உள்ள பிள்ளை ஆகியோரின் கணக்கு வேறு. அவர்களை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி நானே பள்ளிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். உங்கள் மகள் அந்த வகையைச் சேர்ந்தவள் அல்ல என்பதால், உங்கள் முடிவை அவளுடைய உடல்நலத்தை வைத்து நியாயப்படுத்த முடியாது. நீங்களும் அப்படிச் சொல்லவில்லை, மாமியாரைத்தான் சொல்கிறீர்கள்.

அது கனமான காரணம். எழுபதை நெருங்கிய, சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்த ஒருவருக்கு, தடுப்பூசி போடாத நிலையில் இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதத்தில் தமிழ்நாடே பார்த்தது. மே 21 அன்று மட்டும் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. படுக்கைக்காகவும் ஆக்சிஜனுக்காகவும் மக்கள் ஆம்புலன்சிலேயே காத்துக் கிடந்தார்கள். அதைக் கண்ணால் கண்ட குடும்பம் ஐந்தே மாதத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. திறந்திருக்கும் பள்ளியால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கூடுதல் தொற்று வரவே வராது என்பதும் உண்மையல்ல. அதே ஸ்வீடனில், நேரடி வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும், இணையவழியில் படித்த மேல்வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஏற்பட்ட தொற்றை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோரிடம் தெரிந்த கூடுதல் சிறிதே. நேரடியாக வகுப்பெடுத்த ஆசிரியர்களுக்கோ ஏறத்தாழ இரண்டு மடங்கு தொற்று ஏற்பட்டிருந்தது.

இங்கே நம் வீடுகளில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நாடு முழுவதும் இரத்தப் பரிசோதனை நடத்தியது. அப்போது 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 விழுக்காட்டினருக்கும் கொரோனா எதிர்ப்பொருள், அதாவது தொற்று ஏற்கெனவே வந்து போனதற்கான அடையாளம், இரத்தத்தில் இருந்தது. இவர்களில் சிறு வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓராண்டுக்கும் மேலாகப் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். தடுப்பூசியும் இவர்களுக்கு வரவில்லை. அப்படியென்றால் தொற்று வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் வேலைக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய்வந்த பெரியவர்கள் வழியாகத்தான். பிள்ளையை மட்டும் உள்ளே வைத்துவிட்டு மற்ற எல்லோரும் வெளியே போய் வந்துகொண்டிருந்த வீட்டில், மூத்தவருக்குக் கிடைத்த கூடுதல் பாதுகாப்பு நாம் நினைத்ததைவிடக் குறைவு. மூத்தவரை உண்மையில் காத்தது தடுப்பூசி. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அது 2021 மார்ச் 1 முதலே கிடைத்தது; அந்த ஆண்டு செப்டம்பர் 12 முதல் தமிழ்நாட்டில் மெகா முகாம்களும் நடந்தன. ஆகவே உங்கள் மாமியார் நவம்பருக்குள் இரண்டு தவணையும் போட்டிருந்தாரா என்பதுதான் நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. போடவில்லை என்றால், மகளை வீட்டில் வைத்ததைவிட அவரை முகாமுக்கு அழைத்துச் சென்றிருப்பது அவருக்குப் பெரிய காவலாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன். நவம்பரிலும் டிசம்பரிலும் நீங்கள் காத்திருந்தது நியாயமானது. அரசே வருகை கட்டாயமில்லை என்று சொல்லி, முடிவை உங்கள் தலையில் வைத்திருந்தது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலேயே பள்ளி வருகை மீண்டும் கட்டாயமாக்கப்பட்டு, அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கவும் வழி செய்யப்பட்டது. அந்தப் பாதையை நாம் எடுக்காதது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் கட்டாயமில்லை என்று சொன்னவர்கள், எந்த வீட்டுக்கு அனுப்பாமலிருப்பது பொருந்தும், எவ்வளவு காலத்துக்குப் பொருந்தும் என்பதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையின்போது தொடக்கப் பள்ளிகள் எப்படியும் மூடப்பட்டன. பிப்ரவரி 1 அன்று அவை மீண்டும் திறந்த பிறகு, அலை இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மே வரை அவளை வீட்டில் வைத்திருந்ததற்கு வலுவான மருத்துவக் காரணம் இல்லை. நவம்பரில் எடுத்த முடிவை பிப்ரவரியில் மறுபடி எடுத்துப் பார்க்காததுதான் இதில் உள்ள குறை. அது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல; அன்று பெற்றோர் பலரும் அப்படித்தான் இருந்தார்கள்.

இனி கற்றலுக்கு வருகிறேன். 2022 கோடையில், கண் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு பெண் குழந்தையை அழைத்துவந்தார்கள். எட்டு வயதிருக்கும். பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து எழுத முடியவில்லை என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். கண் பரிசோதனைக்கான தமிழ் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி வாசிக்கச் சொன்னபோது, மேலே இருந்த பெரிய எழுத்தையே அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு செவிலியர், எழுத்தறியாதவர்களுக்கு வைத்திருக்கும் அட்டையை மாட்டினார். வெவ்வேறு பக்கம் திரும்பிய மூன்று கால் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்ட வேண்டிய அட்டை அது. கடைசி வரி வரை அவள் ஒன்றுகூடத் தவறாமல் காட்டினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு எழுத்துத்தான் தெரியவில்லை. அவள் ஒன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் முன்பே பள்ளி மூடப்பட்டுவிட்டது. வீட்டில் எழுத்துச் சொல்லித்தரவும் ஆள் இல்லை.

இந்த இழப்பு ஓரிருவருடையது அல்ல என்பதும் உறுதியாகத் தெரிந்ததே. அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2021 தொடக்கத்தில் ஐந்து மாநில அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தது. அவர்களில் 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை. ஆனால் நம் ஊருக்கே உரிய ஆய்வும் உண்டு. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த அந்த ஆய்வு, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட 2021 டிசம்பரில் இருந்த பிள்ளைகள் கணக்கில் பெரும் பின்னடைவும், தமிழில் அதில் ஏறத்தாழ பாதியளவு பின்னடைவும் அடைந்திருந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் ஆறுதலான முடிவு ஒன்றும் இருக்கிறது. பள்ளிகள் திறந்த அடுத்த ஆறு மாதங்களிலேயே அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது; அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலையில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு நாம் இன்னும் போதிய நன்றி சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்போடு சேர்ந்து போனவையும் உண்டு. மருத்துவர் என்ற முறையில் அவற்றையும் சொல்லியாக வேண்டும். சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் உலர்பொருளாகக் கொடுக்கப்பட்டன என்றாலும், அது பிள்ளையின் தட்டில் சூடான சோறும் முட்டையுமாக விழுவதற்கு ஈடாகாது. இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்க மாத்திரை, டெட்டனஸ், டிப்தீரியா நோய்களைத் தடுக்கப் பத்து வயதில் போடும் டி.டி. தடுப்பூசி ஆகியவை பள்ளி வழியாகவே பிள்ளைகளைச் சென்றடைபவை. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் நடந்த பரிசோதனையில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒருபோதும் 5.7 விழுக்காட்டைத் தாண்டாத ஆறு வயதுப் பிள்ளைகளின் கிட்டப்பார்வை, 2020-இல் 21.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பிள்ளையின் கண் வளர்வதற்கு வெளிச்சத்தில் ஓடியாடும் நேரம் தேவை. மூடிய அறையும் கைபேசியும் அதற்கு மாறானவை.

இனி உறுதியில்லாதது. பள்ளிகளை மூடியதால் மட்டும் நோய்ப்பரவல் எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாலான நாடுகளில் கடையும் பேருந்தும் அலுவலகமும் பள்ளியும் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. எது எவ்வளவு உதவியது என்று பிரித்தெடுப்பது கடினம். அதுபோலவே, பின்தங்கிய பிள்ளைகளின் எதிர்கால வருமானம் இவ்வளவு குறையும் என்று சொல்லப்படும் கணக்குகள் எல்லாம் மதிப்பீடுகளே. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்னும் வேலைக்கே போகவில்லை. யாராவது இவ்விரண்டையும் அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்த பெருந்தொற்று எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதைப் பொறுத்தே உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை அமையும். கொரோனாவில் கற்றதை அப்படியே எடுத்து வைத்தால் தவறாகப் போகலாம். 1916-இல் நியூயார்க் நகரத்தில் போலியோ பரவியபோது அது தாக்கியது சிறு பிள்ளைகளை. பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டது நியாயம். 1937-இல் சிகாகோவில் அதே நோய்க்காகப் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது, வானொலியில் பாடம் நடத்தினார்கள். ஆனால் 1918 ஃபுளூவின்போது நியூயார்க் பள்ளிகளை மூடவில்லை. நெருக்கடியான குடியிருப்புகளில் பிள்ளைகளை அடைத்து வைப்பதைவிட, தினமும் காலையில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பார்த்து, நோய்க்குறி தெரிந்தவரை உடனே பிரித்து வைக்கும் பள்ளி மேல் என்று நகரச் சுகாதாரத் துறை கருதியது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது, உயிரிழப்பு விகிதம் மிக அதிகமுள்ள நோய் என்பதால் பள்ளிகளை உடனே மூடினார்கள். தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிந்து, புதிய தொற்று இல்லை என்று தெரிந்ததும் அதே மாதத்திலேயே திறந்தார்கள். எனவே முதலில் அந்த நோய் யாரைக் கடுமையாகத் தாக்குகிறது என்று பாருங்கள். அது தெரியாத முதல் சில வாரங்களில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள எந்தத் தயக்கமும் வேண்டாம். பிள்ளைகளைத்தான் தாக்குகிறது என்றால் அனுப்பவே வேண்டாம். பெரியவர்களைத் தாக்குகிறது என்றால், உங்கள் வீட்டில் அந்தப் பெரியவரைப் பாதுகாக்க வேறு என்ன வழி இருக்கிறது, தடுப்பூசி உண்டா, தனி அறை தர முடியுமா, வெளியே போய்வரும் மற்றவர்கள் என்ன கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே பிள்ளையின் பள்ளிக்கு வாருங்கள்.

அடுத்ததாக, வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளை என்ன செய்யப்போகிறாள் என்பதை நேர்மையாகப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவரும், படிக்கப் புத்தகமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மாதம் பெரிய இழப்பல்ல. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், கைபேசி மட்டும் துணையாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் இழப்புதான்; முதல் இரண்டு வகுப்புகளில் இருக்கும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகம். பள்ளியிலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி இருக்கிறதா என்பதைவிட, வகுப்பறையில் எதிரெதிரே சன்னல்கள் திறந்திருக்கின்றனவா, சாப்பிடும்போது பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்பதே முக்கியம். காற்றில் பரவும் நோயில், காய்ச்சல் இல்லாத பிள்ளையும் பரப்பும். மேசையையும் கதவையும் துடைப்பதில் 2021-இல் நாம் காட்டிய அக்கறையில் பாதியையாவது சன்னல்களில் காட்டியிருக்கலாம். இவ்வளவையும் பார்த்த பிறகு வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், மருந்துச் சீட்டில் எத்தனை நாள் என்று எழுதுவதுபோல அந்த முடிவுக்கும் ஒரு தேதி குறித்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து, அன்றைய நிலவரத்தை வைத்து மறுபடி பாருங்கள்.

கடைசியாக உங்கள் மகள். அவளுடைய ஒன்றாம் வகுப்பின் கடைசி மாதங்களில் பள்ளி மூடப்பட்டது. 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை, 19 மாதங்களுக்கு மேல், மாநிலத்தில் எந்தத் தொடக்கப் பள்ளிப் பிள்ளையும் வகுப்புக்குப் போகவில்லை. அதன்மேல் நீங்கள் சேர்த்தது, ஜனவரி மூடலையும் கோடை விடுமுறையையும் கழித்தால், ஐந்தரை மாதம். 2022 ஜூனில் அவள் நான்காம் வகுப்புக்குத் திரும்பி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மற்ற பிள்ளைகள் பெரும்பாலும் மீண்டுவிட்ட பிறகும் அவள் ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் என்றால், அதற்கு அந்த ஐந்தரை மாதத்தை மட்டும் காரணமாகச் சொல்வது மருத்துவ ரீதியாக எனக்குச் சரியாகப் படவில்லை. உறவினர்களின் பேச்சைக் கேட்டு நீங்களும் அங்கேயே நின்றுவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடாமல் போய்விடும் ஆபத்து இருக்கிறது. வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்தது. புத்திக்கூர்மை உள்ள பிள்ளைகளுக்கும் வரும். பள்ளி மூடியிருந்த காலத்தின்மேல் பழிபோட்டுப் பல பிள்ளைகளிடம் அதைக் கண்டறியத் தவறியிருக்கிறோம்.

ஆகவே முதலில் அவளுடைய கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து அவள் பார்த்திராத ஒரு பத்தியைத் தனியாக, உறவினர் யாரும் இல்லாதபோது, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெதுவாக ஆனாலும் சரியாக வாசித்துப் பொருளும் சொல்கிறாள் என்றால் அது பயிற்சிக் குறை. அவளால் எளிதாக வாசிக்க முடிகிற கதைப் புத்தகங்களை தினமும் இருபது நிமிடம் உங்களோடு சேர்ந்து வாசித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்துகளை மாற்றி வாசிக்கிறாள், ஒரே சொல்லை அடுத்த வரியில் மறந்துவிடுகிறாள், வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள் ஆனால் எழுத முடியவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே உளவியலாளர் இலவசமாக மதிப்பீடு செய்வார். அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஏழாம் வகுப்பிலேயே அந்தச் சான்று கையில் இருந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கப் போதிய அவகாசம் இருக்கும்.